சக்கரம் இல்லாத பெட்டி

பிரிக்பீல்ட்ஸ்
9.2.1987

திரு. இராமலிங்கம் அவர்களுக்கு,

யோகநாதனின் மனைவி குணபூசணி எழுதுகிறேன். கிள்ளானில் உங்கள் ரிப்பேர் கடைக்குத் தொலைபேசி இருப்பது தெரியும். உங்கள் குரலைக் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம். பதிலையும் எழுதியே அனுப்புங்கள்.

வீட்டில் பேஸ் கிட்டார் பழகுவதற்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். பழகுவது நான்தான். நாற்பத்து மூன்று வயதில், டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் ஒரு விதவைக்கு இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். கீழ்க்கடையில் தையல் வேலை செய்யும் வீரம்மா அக்கா ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

என் கணவர் இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கன்று, நீங்கள் கொண்டுவந்து படியில் வைத்த கிட்டார் கேஸை ஆறு வருஷம் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். போன தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவாக்கும்போது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று திறந்தேன். கிட்டார், தோள் வார், துடைக்கிற துணி, ஒரு மரத்துண்டு. அந்த மரத்துண்டைப் பார்த்துத்தான் அழுதேன். எங்கள் படுக்கையறை அலமாரியின் கதவு ஒரு நாளும் ஒழுங்காக மூடாது. அவர் வாசித்தால் கடகடவென்று ஆடும். அதற்கு அடை கொடுக்க ஒரு துண்டு மரம் கொண்டு வாருங்கோ என்று மாதக்கணக்காகக் கேட்டிருந்தேன். "கொண்டு வாறன், கொண்டு வாறன்" என்பார். கொண்டுவந்துதான் இருக்கிறார். கதவுக்கு அடியில் செருகினேன், ஆட்டம் நின்றது.

அதற்குப் பிறகு கிட்டாரைக் கொடுக்க மனம் வரவில்லை. மடியில் வைத்துக் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். கொசுச் சத்தம் அளவுக்குத்தான் கேட்டது. தற்செயலாக அதன் தலைப்பக்கம் அலமாரியில் பட்டது. அலமாரி முழுவதும் பேசத் தொடங்கியது. அவருடைய சட்டைகள் இன்னும் அதற்குள்தான் தொங்குகின்றன. அந்தச் சட்டைகளுக்குள்ளிருந்து அவர் வாசிப்பதாகவே எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் கிட்டாரின் தலையை அலமாரியில் சாய்த்துக்கொண்டு, அவருடைய ஒத்திகை கேசட்டுகளை ஓடவிட்டு, அவர் போகிற வழியில் நானும் போகிறேன். பதினைந்து பாட்டு வரும். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வாசிக்காத நாளில் சோறு இறங்குவதில்லை. சத்தம் அலமாரிக்கு வெளியே வேறோர் இடத்திலிருந்து வர வேண்டும். அதற்குத்தான் பெட்டி.

அவருடைய நாற்பது வாட் ஆம்ப்ளிபையர் என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் 8 ஓம் என்று போட்டிருக்கிறது. பழைய ரேடியோகிராமில் மாட்டலாமா? எத்தனை அங்குல ஸ்பீக்கர் போதும்? அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, பலகைத் தரை. அவருடைய பெரிய பெட்டி உங்கள் ஸ்டோரில்தான் கிடக்கும். அது வேண்டாம். அதைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அவர் இறந்த அன்று உங்கள் வேனில் ஒரு கீறல்கூட விழவில்லை. உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் முன் சீட்டில் உட்காருகிற மனிதர், அன்று ஏன் பின்னால் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்தார்? தூக்கம் வருகிறதென்று அவராகவே போய்ப் படுத்தார் என்று போலீசில் சொன்னீர்கள். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
குணபூசணி யோகநாதன்


கிள்ளான்
16.2.1987

மதிப்பிற்குரிய திருமதி யோகநாதன் அவர்களுக்கு,

வணக்கம். முன்பெல்லாம் தங்கச்சி என்று எழுதுவேன். இப்போது அந்த உரிமை இருக்கிறதோ இல்லையோ, பேனா ஐந்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டது.

ரேடியோகிராமில் மாட்டவே மாட்டாதீர்கள். அதிலிருக்கும் காகிதக் கூம்பு பேஸ் கம்பியின் உதையைத் தாங்காது, இரண்டு பாட்டில் கிழிந்துவிடும். இன்னொன்று, ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்ப்ளிபையரை ஓடவிடாதீர்கள். யோகா வைத்திருந்தது பழைய வால்வு செட். அது சூடேறிச் செத்துப்போகும்.

உங்கள் அறைக்குப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று போதும். பதினைந்து அங்குலம் மண்டபத்துக்கு. சின்ன அறையில் அதை வைத்தால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பிப்போகும், எந்தச் சுரம் என்றே தெரியாது. முன்னால் ஓட்டை வைத்த பெட்டி வேண்டாம். எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டியாகப் பாருங்கள். முழக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் விரல் செய்கிற தப்பு உடனே காதில் விழும். பழகுகிறவருக்கு அதுதான் வேண்டும். ஸ்பீக்கரும் 8 ஓம்தானா என்று பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை பிளைவுட்டாக இருக்கட்டும். மரத்தூள் பலகை நம் ஊர் ஈரத்தில் இரண்டே வருஷத்தில் ஊதிவிடும்.

கடைக்குப் போனால் கடைக்காரர் உரக்க வாசித்துக் காட்டுவார். உரக்க வாசித்தால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மெதுவாக வாசியுங்கள். மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது வீட்டுப் பெட்டி.

அலமாரிக்குப் பயப்பட வேண்டாம். உள்ளே காலியாக இருக்கிற எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஒரு சுரம் உண்டு. அந்தச் சுரத்தைத் தொட்டால் அது கூடவே பாடும். உங்கள் கதவு ஆடுவது தடித்த கம்பியில், கிட்டார் கழுத்தின் மூன்றாம் கட்டத்தைத் தொடும்போதுதான். யோகா சொல்லியிருக்கிறான்.

பெரிய பெட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒரு விஷயம் எழுதிவிடுகிறேன், மன்னியுங்கள். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் தெருவில் போகும்போது அதன் கூம்பு அசைகிறது. வயர் எதுவும் மாட்டவில்லை. தரை அதிர்வதால் அசைகிறது, அவ்வளவுதான், இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருக்கிறேன், எனக்குத் தெரியாததா? ஆனாலும் அந்த அறைக்குள் நான் தனியாகப் போவதில்லை.

கடைசிக் கேள்விக்கு அன்று சொன்னதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. பெட்டி வேண்டுமென்றால் நானே செய்து தருகிறேன்.

இராமலிங்கம்


பிரிக்பீல்ட்ஸ்
1.3.1987

திரு. இராமலிங்கம் அவர்களுக்கு,

பெட்டியைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசிக் கேள்வியை மட்டும் பூனை சூடான பாலைச் சுற்றுவதுபோலச் சுற்றிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நேற்றுக் கோலாலம்பூரில் கடைகளுக்குப் போனேன். மகனுக்கா என்று கேட்டார் கடைக்காரர். எனக்கு என்றதும் ஸ்டூல் எடுத்துப் போட்டார். நீங்கள் சொன்னபடி மெதுவாக வாசித்தேன். முதல் பெட்டியில் கீழ்ச்சுரங்கள் எல்லாம் ஒரே இரைச்சல். இரண்டாவதில் சுரம் கேட்டது, ஆனால் என்னால் அசைக்கக்கூட முடியாத கனம். மூன்றாவது சிறியது, பத்து அங்குலம், சுரங்கள் தெளிவாகத்தான் இருந்தன. அதிலே அவருடைய பாட்டு ஒன்றை முழுவதும் வாசித்தேன். கடைக்காரர் கை தட்டினார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. யாரோ தெரியாத ஆள் பேசுவதுபோல இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றுமுன்னே அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். என்னிடம் எட்டுக் கேசட்டுகள் இருக்கின்றன. எல்லாம் உங்கள் கடையில் ஒத்திகையின்போது பிடித்தவை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் கேட்கிறார்: "ராமு, கட்டை போட்டாச்சா?" நீங்கள் சொல்கிறீர்கள்: "போட்டாச்சு லா." அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார். கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டது. நேற்று கேசட் ஓடாதபோதே அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது. கீழே வீரம்மா அக்காவின் தையல் மெஷின்கூட நின்றிருந்தது. பதில் சொல்லாமல் என்னால் கம்பியில் கை வைக்க முடியவில்லை. "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வாசித்தேன். என்ன கட்டை அது?

தூங்கினார் என்று மறுபடியும் எழுதாதீர்கள். ஆறு வருஷமாக அவர் அந்த வேனின் பின்பக்கம்தான் எனக்குள் உட்கார்ந்திருக்கிறார், ஏன் என்று தெரியாமல் அவரை நான் அங்கேயிருந்து எழுப்ப முடியாது. உண்மையை எழுதினால் பெட்டியை உங்களிடமே செய்யச் சொல்கிறேன். இல்லையென்றால் இதுவே கடைசிக் கடிதம்.

குணபூசணி


கிள்ளான்
19.3.1987

தங்கச்சி,

திருமதி என்று எழுதிக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது. பிடிக்காவிட்டால் அந்த வார்த்தையை அடித்துவிட்டுப் படியுங்கள்.

கட்டை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். யோகாவின் பெட்டியில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு. நான் செய்ததுதான். எழுபது கிலோ. தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் அடியில் நான்கு சக்கரம் மாட்டினேன். அதில் ஒரு தொல்லை. கீழ்ச்சுரம் வாசித்தால் பெட்டி மேடையில் தானாகவே நகரும். ஒருமுறை மணவறைப் பக்கம் வரைக்கும் போய்விட்டது, மாப்பிள்ளை பயந்துபோனார். அதற்குத்தான் மெராந்தி மரத்தில் சரிவாக ஒரு கட்டை வெட்டினேன். ஆர்கன் வாசிக்க நான் உட்காரும் ஸ்டூலுக்குப் போட்டது போக மிஞ்சிய பச்சை வெல்வெட் துணியை ஒரு பக்கத்தில் ஒட்டினேன். மேடையிலும் சரி, வேனிலும் சரி, பெட்டியின் முன் சக்கரத்துக்கு அடியில் அது இருக்க வேண்டும். போடுவதும் எடுப்பதும் என் வேலை. கேட்பது யோகாவின் வேலை. ஆறு வருஷத்தில் அவன் கேட்காமல் நாங்கள் ஒரு பாட்டையும் தொடங்கியதில்லை, வேனையும் எடுத்ததில்லை.

அன்று காஜாங்கில் கல்யாண விருந்து. வாசித்து முடித்ததும் குழுவில் மற்றவர்கள் காரில் போய்விட்டார்கள். மூன்று மணிக்கு வானம் கறுத்துவிட்டது. என் புது ஆர்கன் வந்து இரண்டு வாரம்தான். பின்னால் வைத்தால் கீறல் விழும் என்று அதை முன் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டினேன். பெட்டியை ஏற்றிய பிறகு பார்க்கிறேன், கட்டை இல்லை. மேடையிலேயே விட்டுவிட்டேன். மண்டபத்து ஆட்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் மேலே ஏற எனக்குச் சோம்பல், மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். நான்தான் சொன்னேன்: "நீ பின்னால உட்காரு யோகா, காலால பிடிச்சுக்க. பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும்தானே." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி, விடு லா ராமு. நான் பிடிச்சுக்கிறேன்" என்றான்.

முன் சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் பெட்டியில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தான். செராஸ் இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன கார் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். வேன் நின்றுவிட்டது, யார்மேலும் இடிக்கவில்லை. பின்னால் சக்கரம் உருண்ட சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான் தங்கச்சி. திரும்பிப் பார்த்தேன், பெட்டி அவன் நெஞ்சை முன் சீட்டோடு சேர்த்து நெரித்திருந்தது. என் ஆர்கன் பெல்ட் போட்டுக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

போலீசில் பொய் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். சொன்னபடி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்து நினைத்து, சில நாளில் அதை நானே நம்பினேன். குழுவைக் கலைத்தேன். ஆர்கனை விற்றேன். அந்த மண்டபத்துக்கு இரண்டு தடவை போனேன், ஒருமுறை அந்தியேட்டிக்கு முந்தின நாள். மேடைக்கு அடியில் ஊர்ந்து தேடினேன். கட்டை கிடைக்கவில்லை. கிடைத்து என்ன செய்யப்போகிறேன் என்றும் எனக்குத் தெரியாது. இப்போதும் கடையில் மரம் அறுத்து மிஞ்சினால் என் கை தானாக ஒரு கட்டை வெட்டிவிடுகிறது. ஒரு டிராயர் நிறைய இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று அவன் கேட்கவில்லை. பெட்டி வேனில் ஏறியதும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அன்று கேட்டிருந்தால், சோம்பலாவது மழையாவது, நான் ஓடிப்போய் எடுத்துவந்திருப்பேன். ஏன் கேட்கவில்லை? அந்த ஸ்டோருக்குள் போனால் இப்போது கேட்கிறான். ஆறு வருஷம் பிந்திக் கேட்கிறான்.

இராமலிங்கம்


பிரிக்பீல்ட்ஸ்
2.4.1987

திரு. இராமலிங்கம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

சொன்ன வார்த்தைப்படி பெட்டியை நீங்களே செய்யுங்கள். புது மரம் வாங்க வேண்டாம். அந்தப் பெரிய பெட்டியை அறுத்து, அதன் பலகையில் செய்யுங்கள். பன்னிரண்டு அங்குலம், எல்லாப் பக்கமும் அடைத்தது, நான் ஒருத்தியே தூக்கி வைக்கிற கனம். சக்கரம் கூடாது.

நீங்கள் கொண்டுவர வேண்டாம். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், படியில் வைத்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஆர்கனுக்குப் பெல்ட் போட்ட இடத்தைத் தாண்டி என்னால் இப்போது எதையும் நினைக்க முடியவில்லை.

குணபூசணி


கிள்ளான்
21.4.1987

திருமதி யோகநாதன் அவர்களுக்கு,

பெட்டி தயார். சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் தம்புசாமியின் லோரியில் வியாழக்கிழமை அனுப்புகிறேன். நான் வரமாட்டேன்.

பெரிய பெட்டியை அறுக்க மூன்று நாள் அந்த அறை வாசலில் வாளோடு நின்று திரும்பினேன். நான்காம் நாள் பட்டறை ஆள் இருவரைக் கூட வைத்துக்கொண்டு முதலில் சக்கரத்தைக் கழற்றினேன். ஒரு சக்கரத்தில் கல்யாண மண்டபத்து வண்ணக் காகிதம் சுற்றிக்கொண்டு இருந்தது. அதன் பிறகு கை நிற்கவில்லை. நல்ல பலகை, உள்ளே மஞ்சள் நிறம் மங்காமல் புதிதாகவே இருந்தது. யோகா கை வைத்து வைத்துத் தேய்ந்த மேல்ஓரத்தை மட்டும் இழைக்காமல் அப்படியே உங்கள் பெட்டிக்கு மேல்பக்கமாக வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம்.

பதினெட்டுக் கிலோதான். மூலையில் வைக்காதீர்கள், மூலையில் வைத்தால் முழங்கும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பலகைத் தரையும் ஒரு பெட்டிதான், கீழ்ச்சுரம் அதன் வழியாக வீரம்மா அக்காவின் மெஷினுக்கே போய்விடும். அதற்குத்தான் அடியில் டயர் ரப்பரில் நான்கு கால் வைத்திருக்கிறேன். வால்யூமை இரண்டுக்கு மேல் திருப்ப வேண்டிய அவசியம் வராது. இது எங்கும் நகராது.

ஸ்டோர் இப்போது காலி. லோரி போனாலும் அங்கே எதுவும் அசைவதில்லை. கேள்வி மட்டும் போகவில்லை. அது பெட்டியில் இருக்கிறது என்று நினைத்தேன், என்னிடம்தான் இருந்திருக்கிறது.

பதிலை எதிர்பார்த்து எழுதவில்லை. உங்கள் விரல் நன்றாகப் பேச வேண்டும்.

இராமலிங்கம்


பிரிக்பீல்ட்ஸ்
12.5.1987

அண்ணன்,

இந்த வார்த்தையை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. உண்மையில் ஏழு வாரம். ஏன் என்று சொல்கிறேன். சொன்ன பிறகு நீங்கள் என்னைத் தங்கச்சி என்று எழுதுவீர்களோ தெரியாது.

மார்ச் மாதம் உங்கள் கடிதத்தைப் படித்தபோது பச்சை வெல்வெட் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்தேன். அலமாரிக் கதவுக்கு அடியில் செருகியிருந்ததை வெளியே எடுத்தேன். சரிவாக வெட்டிய மெராந்தி. ஒரு பக்கம் பச்சை வெல்வெட். என் அலமாரியின் பாலிஷ் கீறக்கூடாதென்று அவர் பார்த்துப் பார்த்து ஒட்டினார் என்று இத்தனை நாளும் நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். முதல் கடிதத்தில் துணியைப் பற்றி எழுதியிருந்தால் நீங்களே அன்றைக்குக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

நீங்கள் மேடையில் விடவில்லை. மேடையிலிருந்து இறங்குமுன்னே அவர் அதை எடுத்துக் கிட்டார் கேஸில் வைத்துவிட்டார். அதனால்தான் கேட்கவில்லை. கட்டை எங்கே என்று அவருக்குத் தெரியும். அவர் உங்கள் முகத்தைப் பார்க்காததும் அதனால்தான்.

ஏன் எடுத்தார் என்பதும் எனக்குத் தெரியும். அன்று காலை அவர் ஒரு பாட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் கட்டம் வரும் இடமெல்லாம் கதவு ஆடியது. நான் அடுக்களையிலிருந்து கத்தினேன். ஊருக்கெல்லாம் பெட்டி செய்கிற கூட்டாளியை வைத்துக்கொண்டு ஒரு துண்டு மரம் கொண்டுவர முடியவில்லையோ என்று கேட்டேன். வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது கடைசியாகச் சொன்னது இது: "இண்டைக்கும் அது இல்லாமல் வந்தால் இந்தப் படி ஏற வேண்டாம்." விளையாட்டாகச் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

அவர் படி ஏறவில்லை. ஆறு வருஷம் அந்த வார்த்தையோடு நான் இந்த வீட்டில் இருந்தேன். போன தீபாவளிக்குக் கேஸைத் திறந்தபோது, கொண்டுவந்துதான் இருந்தார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எங்கிருந்து எடுத்தார் என்று உங்கள் கடிதம் சொன்னது.

பெண்டாட்டிக்குப் பயந்து உன் கட்டையை எடுத்தேன் என்று உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பார். ராமு நாளைக்கே வேறொன்று வெட்டிவிடுவான், ஒரு மணி நேரம் காலால் பிடித்தால் போயிற்று என்று நினைத்திருப்பார். கேஸ் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கும். எடுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. நான் சொன்னது அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது.

இதை ஏழு வாரம் உங்களிடம் சொல்லவில்லை. மறந்து அல்ல. நீங்கள் மேடைக்கு அடியில் ஊர்ந்து தேடியதைப் படித்தபோது எனக்கு முதல்முறையாக நிம்மதியாகத் தூக்கம் வந்தது. தப்பு உங்களுடையது, எழுத்திலேயே இருக்கிறது, என்னுடையது யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்துதான் அந்தச் சின்னக் கடிதத்தை எழுதினேன். பெட்டி வந்த பிறகுதான் முடியாமல் போயிற்று. நீங்கள் சொன்னபடி சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, வால்யூமை இரண்டில் வைத்து, மெதுவாக வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. தடித்த கம்பியில் மூன்றாம் கட்டம் தொட்டேன். அறையின் அந்தப் பக்கம் அலமாரிக் கதவு ஆடத் தொடங்கியது. கட்டையை எடுத்த பிறகு நான் அதைத் திரும்பச் செருகவில்லை. நான் வாசித்தால் பதிலுக்கு அது ஆடுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. உங்களிடம் சொல்லும்வரை அது இப்படியே ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் செய்தது இல்லையென்று நான் சொல்லவரவில்லை. சீட்டை ஆர்கனுக்குக் கொடுத்தீர்கள், போலீசில் பொய் சொன்னீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, போகும்போது போகட்டும். ஆனால் கட்டையை நீங்கள் மறக்கவில்லை. அதை இனிமேல் நீங்கள் சுமக்க வேண்டாம். காஜாங்கில் தேடிவிட்டு மறுநாள் அந்தியேட்டிக்கு வந்தீர்கள். தேடிய கட்டையை நீங்களேதான் கையில் தூக்கிக்கொண்டு வந்து என் படியில் வைத்தீர்கள். நான் கேஸை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

நேற்றுக் கேசட்டைப் போட்டேன். "ராமு, கட்டை போட்டாச்சா?" என்றார். உங்கள் குரல் வருமுன்னே, "என்னட்ட இருக்கு" என்று சொன்னேன். அவர் வழக்கம்போல ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நானும் சேர்ந்துகொண்டேன்.

பெட்டியின் மேல்ஓரத்தைத் தேய்க்க வேண்டாம். நான் கை வைக்கிற இடமும் அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகலில் வாருங்கோ. கட்டை மேசைமேல் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கோ. போன தடவைபோலப் படியில் நிற்க வேண்டாம், மேலே ஏறி வாருங்கோ. கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

தங்கச்சி
குணம்